அரை கிரவுண்டுல ஜன்னல எங்க வைக்கிறது?

சென்னையில அரை கிரவுண்டுன்னா 1200 சதுர அடி, 20-க்கு 60 அடியா இருக்கும், இல்லேன்னா 30-க்கு 40. மடிப்பாக்கத்துல எங்களுக்கு அமைஞ்சது 20-க்கு 60, வடக்கு பாத்த மனை. இன்ஜினியர் பக்கவாட்டு சந்துல வரிசையா நாலு ஜன்னல் போட்டு பிளான் கொண்டு வந்தார், நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், சார் இந்த தெருவுல எந்த வீட்லயாவது சந்து பக்க ஜன்னல் திறந்து பாத்திருக்கீங்களா? எப்படி திறப்பாங்க, கைக்கு எட்ற தூரத்துல பக்கத்து வீட்டு பெட்ரூம், அவங்க போன் பேசினா நமக்கு கேக்கும் நாம சண்டை போட்டா அவங்களுக்கு கேக்கும், கடைசில ஸ்கிரீன் போட்டு மூடிட்டு பகல்லயே டியூப்லைட்டு.

அதனால வீட்டுக்கு நடுவுல 5-க்கு 8 அடில ஒரு குட்டி முற்றம் விட்டோம். ஹால், கிச்சன், பெட்ரூம் மூணுத்தோட பெரிய ஜன்னலும் அதப் பாத்துதான், ஒருத்தரும் எட்டிப் பாக்க முடியாது. சூடான காத்து மேல ஏறி வெளிய போயிடும், அந்த இடத்துக்கு வாசப்பக்கத்துலேருந்து காத்து உள்ள வரும். மேல கம்பி கிரில், அதுக்கு மேல ஒரு அடி தூக்கி பாலிகார்பனேட் ஷீட், வெளிச்சம் விடற பிளாஸ்டிக் கூரை. அந்த ஒரு அடிய அடைச்சா வீடு அவிஞ்சு போயிடும், கிரில் போட வர்றவர் "சாரல் அடிக்கும் சார்"னு அடைக்கத்தான் பாப்பார், விட்றாதீங்க. சாரல் வந்தா வரட்டும், தரைய ரெண்டு இஞ்ச் இறக்கி பைப்ப மழைநீர் குழிக்கு விட்டாச்சு.

சந்து பக்கம் ஆறடி உயரத்துல நீள நீளமா வென்டிலேட்டர் மட்டும். மேற்கு சுவரோரம் மாடிப்படி, பாத்ரூம், பீரோ எல்லாத்தையும் தள்ளியாச்சு, சாயங்கால வெயில அதுங்க வாங்கிக்கட்டும்.

வாசலும் கொல்லையும் நேருக்கு நேர் இருக்கணும்னு மாமியார் ஒத்தக்கால்ல நின்னாங்க. அப்படி வச்சா கூரியர்காரர் கதவுகிட்ட நின்னாலே அடுப்புல என்ன கொதிக்குதுன்னு தெரியும். சரின்னு நேராவே வச்சு, குறுக்க சுட்டமண் ஜாலியில, அதாவது ஓட்டை ஓட்டையா இருக்கிற கல்லுல, ஆளுயரத்துக்கு ஒரு தடுப்பு கட்டிட்டோம். காத்து நேராத்தானே போகுதுன்னு அவங்களும் ஒத்துக்கிட்டாங்க.

சொந்தக்காரங்க வந்தா இன்னும் "40 சதுர அடி வேஸ்ட்"டும்பாங்க, ஆனா உக்கார்றது முற்றத்து ஓரமாத்தான். கொசு வராதான்னா, வரும். முற்றத்துப் பக்க ஜன்னல் மொத்தத்துக்கும் வலை அடிச்சிருக்கோம், அதுக்குன்னு தனியா காசு எடுத்து வச்சுக்கோங்க.