பழைய மாத்திரைக்குப் புது மாத்திரை

மருந்துக் கடைக்காரனுக்கு டாக்டருக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. பிரஷருக்கு ஒரு டாக்டர், மூட்டு வலிக்கு இன்னொருவர், இருமல் என்றால் தெருமுனை கிளினிக் என்று அலைகிற ஆள், எல்லாச் சீட்டையும் எடுத்துக்கொண்டு கடைசியில் ஒரே கவுண்டருக்குத்தான் வருகிறார். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊரில் மருந்தாளுநராக வெகுகாலம் நின்றதில், அந்தச் சீட்டுகளை அக்கம்பக்கமாக வைத்துப் பார்க்கிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது. நான் விற்கிற மருந்தில் ஒரு பகுதி நோய்க்காகவே இல்லை, ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரை தருகிற தொந்தரவுக்காக என்பது அப்படிப் பார்த்துத்தான் புரிந்தது.

வழக்கமாக வரும் ஒரு அம்மா இருமல் சிரப் வாங்குவதை நிறுத்தவே இல்லை. "சளி இல்ல தம்பி, காய்ச்சல் இல்ல. தொண்டைல என்னமோ உறுத்திக்கிட்டே இருக்கு, ராத்திரி தூக்கமே போச்சு" என்பார். சிரப்புக்கு அப்புறம் ஆன்டிபயாட்டிக், அதற்கப்புறம் அலர்ஜி மாத்திரை. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. அவர் பிரஷருக்குச் சாப்பிட்டது எனாலப்ரில்.

ரத்தக் குழாயை இறுக்குகிற ஆஞ்சியோடென்சின் என்ற பொருளை உடம்பில் ஒரு என்சைம் தயாரிக்கிறது. எனாலப்ரில், ராமிப்ரில் எல்லாம் அந்த என்சைமைத் தடுத்து பிரஷரை இறக்குகின்றன. ஆனால் அதே என்சைமுக்குப் பிராடிகைனின் என்ற இன்னொரு பொருளைச் சிதைக்கிற வேலையும் இருக்கிறது. என்சைம் முடங்கினால் பிராடிகைனின் சேர்ந்து, மூச்சுக்குழாயில் இருமலைத் தூண்டும் நரம்புகளைச் சீண்டும். வறட்டு இருமல் வரும், அது ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். சிரப் எத்தனை பாட்டில் குடித்தாலும் இது கேட்காது. பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் விஷத்தை ஆராய்ந்ததில் கிடைத்த துப்பை வைத்துத்தான் இந்தக் குடும்பத்தின் மூத்த மருந்தான கேப்டோப்ரிலை உருவாக்கினார்கள். 1981இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. பாம்பு விஷத்து உறவு என்று சொன்னால் அந்த அம்மா மாத்திரையையே தொட மாட்டார் என்பதால் அந்தக் கதையை அவரிடம் சொல்லவில்லை. "இருமல் பிரஷர் மாத்திரையாலயான்னு டாக்டர்கிட்ட கேளுங்கம்மா" என்று மட்டும் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தேன். டாக்டர் டெல்மிசார்ட்டானுக்கு மாற்றினார். அது அந்த என்சைம் பக்கமே போகாமல், ஆஞ்சியோடென்சின் போய் உட்காரும் இடத்தை மறித்துக்கொள்கிற மருந்து. இருமல் சில வாரத்தில் அடங்கியது.

அம்லோடிபின் கதையும் இதே வகைதான். தினம் ஒன்று போட்டால் போதும், விலையும் குறைவு, பிரஷரை நன்றாகவே இறக்கும். ஆனால் சிலருக்கு, முக்கியமாக 10 மி.கி. போடுகிறவர்களுக்கு, சாயங்காலம் ஆனால் கணுக்கால் வீங்கிவிடும். மருந்து நுண் தமனிகளைத் தளர்த்துகிறது, சிரைகளை அந்த அளவுக்குத் தளர்த்துவதில்லை. வரத்து கூடி வடிகால் அப்படியே இருந்தால் வயலில் தண்ணீர் நிற்கிற மாதிரி, காலில் நீர் கசிந்து தேங்குகிறது. உடம்பில் நீர் கூடிப்போய் வருகிற வீக்கம் இல்லை இது. ஆனால் வீக்கம் என்றதும் நீர் பிரிய லேசிக்ஸ் வந்துவிடும். லேசிக்ஸால் இந்த வீக்கம் பெரிதாக வடியாது, பொட்டாசியம் குறைந்து கெண்டைக்கால் பிடிப்பதுதான் மிச்சம். சரி, வீக்கம் எல்லாமே அம்லோடிபினால்தான் என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. இதயம், சிறுநீரகம் கெட்டாலும் கால் வீங்கும், அதைப் பார்த்துச் சொல்ல டாக்டர் வேண்டும்.

எனக்கு அதிகம் கவலை தருவது வலி மாத்திரை. டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக் எல்லாம் வலியைத் தூண்டும் புராஸ்டாகிளாண்டின் என்ற பொருளைக் குறைக்கின்றன. சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் காப்பதும், வயிற்றின் உள்சுவரைக் காப்பதும் அதே புராஸ்டாகிளாண்டின்தான். அது குறைவதால் உடம்பில் உப்பும் நீரும் தங்கி பிரஷர் ஏறும், வயிறும் எரியும். பிரஷர் மாத்திரையின் அளவைக் கூட்டுவார்கள், எரிச்சலுக்கு கேஸ் மாத்திரை சேரும். முழங்கால் வலி என்று நோயாளி தானாகக் கேட்டு வாங்கிய அட்டையைப் பற்றி பிரஷர் டாக்டரிடம் யாரும் வாயே திறந்திருக்க மாட்டார்கள். எனாலப்ரில் அல்லது டெல்மிசார்ட்டான், நீர் பிரியும் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் ஒரே பையில் இருந்தால் நான் பில் போடுவதை நிறுத்திவிட்டு விசாரிப்பேன். சிறுநீரகத்தை மூன்று பக்கமும் நெருக்குகிற கூட்டணி அது. வாந்தி பேதி வந்து உடம்பில் நீர் வற்றினால் சில நாளிலேயே நிலைமை மோசமாகலாம்.

கேஸ் மாத்திரை என்றதும் பலருக்கு அது மிட்டாய் மாதிரி. பான்டோபிரசோல் வயிற்றில் அமிலம் சுரக்கும் பம்ப்பை அடைக்கிறது. நல்ல மருந்து, சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு போட வேண்டியது. ஆனால் சாப்பாட்டில் இருக்கும் பி12 வைட்டமின் பிரிந்து வரவே அமிலம் வேண்டும். சுகருக்குப் போடும் மெட்ஃபார்மினும் வெகுகாலம் சாப்பிட்டால் பி12 உடம்பில் சேர்வதைக் குறைக்கும். இரண்டையும் ஆண்டுக்கணக்கில் போடுபவர், அதிலும் சைவச் சாப்பாட்டுக்காரர், ஒரு நாள் "பாதம் மரத்துப்போகுது, எரியுது" என்பார். சுகர்க்காரர் என்பதால் சுகர் நரம்பைத் தாக்கிவிட்டது என்று எல்லாரும் முடிவு கட்டுவார்கள். அது நிஜமாகவும் இருக்கலாம். ஆனால் பி12 குறைந்தாலும் இதே எரிச்சல்தான், அதை ஒரு ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம். பார்க்காமல் நரம்பு வலிக்கான பிரகாபலின் எழுதினால் தலை சுற்றும், சிலருக்குக் கால் வீங்கும். வீங்கினால் என்ன நடக்கும்? திரும்பவும் லேசிக்ஸ்.

பக்கவிளைவைப் புது நோய் என்று நினைத்து அதற்கும் மருந்து எழுதும் இந்தச் சங்கிலியைப் பற்றிப் பவுலா ரோஷன், ஜெர்ரி குர்விட்ஸ் என்ற இரண்டு முதியோர் மருத்துவ ஆய்வாளர்கள் 1990களிலேயே விரிவாக எழுதிவிட்டார்கள். எங்கள் கவுண்டருக்கு அந்தப் பெயர்கள் வந்து சேரவில்லை, சங்கிலி மட்டும் தினமும் வருகிறது. கடை முதலாளிக்கு என் விசாரணை பிடிக்காது. சிரப் கேட்டால் சிரப்பைக் கொடுக்க வேண்டியதுதானே என்பார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. வரிசையில் நிற்பவருக்குப் பஸ் போய்விடும். ஆனால் நோயாளிக்கு மருந்தைப் பற்றி எடுத்துச் சொல்வதும் மருந்தாளுநரின் வேலை என்று 2015ஆம் ஆண்டு மருந்தக நடைமுறை விதிமுறைகளிலேயே இருக்கிறது. மருந்தை நானாக மாற்ற முடியாது, கேட்கலாம்.

கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "இந்தத் தொந்தரவு வந்தது அந்த மாத்திரை ஆரம்பிச்ச பிறகா, முன்னாடியே இருந்துச்சா?" யோசித்துப் பார்த்து, "ஆமா தம்பி, தை மாசம்தான் அதை ஆரம்பிச்சேன்" என்பவர்கள் உண்டு. உடனே, "அப்ப நிப்பாட்டிடவா?" என்றும் கேட்பார்கள். அங்கேதான் பதற்றமாக இருக்கும். பிரஷருக்கும் இதயத்துக்கும் போடும் அட்டெனலால் மாதிரி மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் இதய நோயாளிக்கு நெஞ்சுவலியே வரலாம். டாக்டரைப் பார்க்கும்வரை நிறுத்தாதீர்கள் என்று இரண்டு முறை சொல்லி, கவரிலும் எழுதுவேன். பக்கவிளைவு என்று சந்தேகம் இருந்தால் நோயாளியே அரசின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு 1800 180 3024 என்ற இலவச எண்ணில் சொல்லலாம். கடையில் அதை எழுதி ஒட்டியிருக்கிறேன், இதுவரை யாரும் குறித்துக்கொண்டு போனதை நான் பார்த்ததில்லை.

இந்த விசாரணை எல்லாம் பெயர் தெரிந்தால்தான் நடக்கும். பாதிப் பேர் "வெள்ளையா, சின்னதா, நடுவுல கோடு போட்டது" என்றுதான் சொல்கிறார்கள். அந்த அடையாளத்துக்கு என் அலமாரியில் அம்லோடிபினும் இருக்கிறது, தைராய்டு மாத்திரையும் இருக்கிறது. அட்டையிலிருந்து மாத்திரையைப் பிரிக்கும்போது பெயரும் தேதியும் அச்சடித்த பக்கத்தைக் கடைசிவரை கிழிக்காமல் வைத்து, தீர்ந்த அட்டையையும் பையில் போட்டு எடுத்து வந்தால், எனக்கும் அடுத்த டாக்டருக்கும் பாதி வேலை மிச்சம்.