இஞ்சி தூக்கி விட்டுச்சு, காசு கவுத்துச்சு

முந்தாநாள் சொற்பிறப்பு மாட்யூல் ரிசல்ட், ஒரு இங்கிலீஷ் சொல்லைக் குடுத்து அது எங்கிருந்து வந்துச்சுன்னு எழுதச் சொல்வாங்களே, அந்தப் பாடம். ஏ மைனஸ். மிட்டேர்ம்ல சி வாங்கிட்டு வீட்டுக்கு மேல ஏறப் பிடிக்காம புளோக்குக்குக் கீழ திறந்து கிடக்குற வாய்ட் டெக்ல ஒரு மணி நேரம் உக்காந்திருந்தவன் நான். அடுத்த செமஸ்டர் இந்த மாட்யூல் எடுக்குற தம்பி தங்கச்சிங்களுக்காக, சூடு ஆறுறதுக்குள்ள எழுதிடுறேன்.

மிட்டேர்ம்ல வந்த வார்த்தை 'கேஷ்'. அட நம்ம காசுன்னு கை துள்ளிடுச்சு, ரெண்டு பக்கம் ரொப்பிட்டேன். ஆனா பணம்ங்கற கேஷ் பிரெஞ்சு, இத்தாலியன் 'காஸா' வழியா லத்தீன் 'கப்ஸா'ல போய் நிக்குது, அதுக்கு பெட்டின்னு அர்த்தம். நம்ம காசு போர்ச்சுகீஸ்காரன் வாய்ல 'கைஷா' ஆகி இங்கிலீஷுக்குப் போனது வேற கேஷ், நடுவுல சதுர ஓட்டை இருக்குமே அந்த சீன நாணயத்தை அப்படித்தான் கூப்பிட்டாங்க. ட்யூட்டர் ஓரத்துல சிவப்பு பேனால ஒரு கேள்விக்குறி போட்டாரு, அவ்ளோதான். தமிழ்ப் பிள்ளைங்களுக்கு இந்த வியாதி ஜாஸ்தி, 'எட்டு' 'எய்ட்'டைப் பாத்தாலே சொந்தம் கொண்டாடிடுவோம்.

அதனால தமிழ்ல இருந்து கிளம்பவே கிளம்பாதீங்க. இங்கிலீஷ்ல இருந்து பின்னாடி நடங்க. மத்ததெல்லாம் மறந்தாலும் பரவால்ல.

ஃபைனல்ல 'ஜிஞ்சர்'. பழைய இங்கிலீஷ் 'ஜிஞ்சிஃபெர்', லத்தீன் 'ஜிங்கிபெரி', கிரேக்கம் 'ஜிங்கிபெரிஸ்', பாலி மொழில 'சிங்கிவேர'. அங்க வந்தப்புறம்தான் வாலைப் பாத்தேன், வேர்! இஞ்சி வேர். சமஸ்கிருதத்துல 'ஸ்ருங்கவேர'ன்னு ஆக்கி கொம்பு மாதிரி உடம்புன்னு பொருள் சொல்லிட்டாங்க. தேக்கா மார்க்கெட்ல அம்மா மண்ணைத் தட்டித் தட்டி இஞ்சி பொறுக்குறப்ப பாத்தா, கிளை கிளையா மான்கொம்பேதான், நம்பினவங்களைக் குத்தம் சொல்ல முடியல. சரி, பாலி மொழில முன்னாடி நிக்கிற 'ச' நம்மகிட்ட எங்க? தமிழ்ல சொல் முதல்ல இருந்த 'ச' பல இடத்துல உதிர்ந்துபோச்சு, அஞ்சுக்கு அடுத்த நம்ம 'ஆறு', இன்னொரு திராவிட மொழியான கோண்டில 'சாருங்'. இந்த ஒரு வரிக்குத்தான் எனக்கு மார்க்குன்னு நினைக்கிறேன்.

மத்தபடி,
- ஒவ்வொரு படிக்கும் மொழி, வடிவம், அர்த்தம் மூணும் எழுதணும்
- பரோ, எமனோ ரெண்டு பேரும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதியைப் பாருங்க, 1984 பதிப்பு
- தமிழ்ல இருந்து இங்கிலீஷுக்குப் போன சொல்லுக்கு உதாரணமா கட்டமரான், மிளகுத்தண்ணி வேணாம், எல்லாரும் அதையேதான் எழுதுவாங்க
- ஃப்ளாஷ்கார்டு எனக்கு சுத்தமா ஒத்து வரல, எம்ஆர்டி ரயில்ல முணுமுணுத்துக்கிட்டே போவேன், பக்கத்து சீட் ஆன்ட்டி எழுந்து போயிட்டாங்க

மிட்டேர்முக்கு 30 சதவீதமாம். அந்தக் காசு மட்டும் இல்லேன்னா முழு ஏ, வயிறு எரியுது.