ஊட்டியிலிருந்து அந்தமான் கடலடிக்கு: மலைக்காரர்கள் போட வேண்டிய கணக்கு

அந்தமானில் ஸ்கூபா டைவிங் போகலாம் என்று முடிவெடுத்ததும் எல்லோரும் கேட்பது எந்தத் தீவு, எவ்வளவு செலவு என்பதைத்தான். குன்னூர், கோத்தகிரி, ஊட்டி, கொடைக்கானல் பக்கத்திலிருந்து கிளம்புகிறவர்கள் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. கடைசி டைவ் முடிந்து எத்தனை மணி நேரம் கழித்து வீடு போய்ச் சேருவீர்கள்? சென்னைக்காரருக்கு விமானம் இறங்கியதோடு இந்தக் கவலை தீர்ந்தது. நமக்கு அதற்குப் பிறகும் ஒரு ஏற்றம் பாக்கி இருக்கிறது.

விஷயம் இதுதான். கடலில் 10 மீட்டர் இறங்கினால் உடம்பின் மேல் இருக்கும் அழுத்தம் இரண்டு மடங்காகிறது. அந்த அழுத்தத்தில் சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கும்போது அதிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்து தங்குகிறது. மேலே வந்த பிறகு அது மூச்சு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற நேரம் வேண்டும். அதற்குள் காற்றழுத்தம் குறைந்த இடத்துக்குப் போனால், கோலி சோடாவைத் திறந்தது போல உடம்புக்குள்ளேயே குமிழி கட்டும். டைவ் செய்தவுடன் விமானம் ஏறக் கூடாது என்பது இதனால்தான். ஒரே ஒரு சாதாரண டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், ஒரே நாளில் பல டைவ் அல்லது தொடர்ந்து பல நாள் டைவ் என்றால் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி விட வேண்டும். 24 மணி நேரம் விடுவதே நிம்மதி.

விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் அதிகபட்சம் சுமார் 2400 மீட்டர் உயரத்துக்குச் சமமாக வைக்கப்படுகிறது. ஊட்டி 2240 மீட்டர். கொடைக்கானல் 2133. தொட்டபெட்டா 2637, அதாவது விமானத்தின் உள்ளே இருப்பதைவிடவும் காற்று மெலிந்த இடம். ஆகவே மலையேறுவதை இன்னொரு விமானப் பயணமாகவே எண்ணிக்கொள்ளுங்கள். பஸ்ஸில்தானே போகிறோம் என்பது இங்கே சமாதானம் ஆகாது.

அந்தமான் பயணத்தில் விமானத்துக்காக எப்படியும் காத்திருப்போம், அதனால் ஆபத்து குறைவு. உண்மையான ஆபத்து பக்கத்துக் கடல்களில் இருக்கிறது. காலையில் ராமேஸ்வரத்திலோ புதுச்சேரியிலோ ஒரு டைவ் செய்துவிட்டு, மதியம் காரைக் கிளப்பி, இரவுக்குள் வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறிவிடுவார்கள். விமானமே இல்லாததால் விதி நினைவுக்கே வருவதில்லை. டைவிங் சென்டரில் இருப்பவருக்கும் உங்கள் வீடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று தெரியாது. நீங்களாகச் சொல்ல வேண்டும். அன்று இரவு மேட்டுப்பாளையம், பழநி, வத்தலக்குண்டு என்று அடிவாரத்தில் எங்காவது தங்கி மறுநாள் ஏறினால் போதும். இந்த ஊர்கள் எல்லாமே 600 மீட்டருக்குக் கீழேதான் இருக்கின்றன. மலையிலிருந்து இறங்கி நேராகக் கடலுக்குள் போவதில் இந்தச் சிக்கல் கிடையாது.

அடுத்தது காது. பாதியில் விட்டுவிட்டு மேலே வருகிறவர்களில் நிறையப் பேருக்குக் காரணம் காதுதான். குன்னூரிலிருந்து பஸ்ஸில் இறங்கும்போது பர்லியார் பக்கம் காது அடைத்து, எச்சில் விழுங்கியதும் 'பட்'டென்று திறக்குமே, கடலில் நடப்பதும் அதேதான். அளவுதான் வேறு. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை சுமார் 1500 மீட்டர் இறக்கத்தில் கூடும் அழுத்தம், தண்ணீரில் ஒன்றரை மீட்டர் சொச்சம் இறங்குவதற்குச் சமம். மலைப்பாதையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும் மாற்றம் கடலில் சில விநாடிகளில் முடிந்துவிடுகிறது. அதனால் வலி வரும்வரை காத்திருக்கக் கூடாது. தலை தண்ணீருக்குள் போனதுமே மூக்கைப் பிடித்து மெதுவாக ஊத வேண்டும். பிறகு அரை மீட்டருக்கு ஒரு தடவை. வலித்தால் ஊதிப் பார்க்காதீர்கள், ஒரு மீட்டர் மேலே வந்து மறுபடி முயலுங்கள். முக்கி ஊதினால் செவிப்பறை மட்டுமல்ல, உள்காதும் பழுதாகும். கால்களைக் கீழே விட்டு, நங்கூரக் கயிற்றைப் பிடித்தபடி இறங்கினால் காது எளிதாகத் திறக்கும். தலைகீழாக இறங்குவது புதியவர்களுக்கு ஆகாது. மலைப்பாதையில் இறங்கும் ஒவ்வொரு தடவையும் மூக்கைப் பிடித்து மென்மையாக ஊதியும், எச்சில் விழுங்கியும் பழகுங்கள். செலவில்லாத பயிற்சி, அதுவும் நமக்கு மட்டும் வாய்த்தது.

இதில் நமக்கு ஒரு பாதகமும் உண்டு. அந்தமானில் டைவிங்குக்கு நல்ல பருவம் டிசம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை. நீலகிரியில் உறைபனி விழுந்து வீட்டுக்கு ஒருவர் மூக்கைச் சீந்திக்கொண்டிருப்பதும் அந்தப் பருவத்தின் தொடக்கத்தில்தான். சளி இருந்தால் டைவ் கூடாது. மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்குவது அதைவிட மோசம். மருந்தின் வேகம் கடலடியில் இருக்கும்போது தீர்ந்துவிட்டால், ஏறும்போது காதுக்குள் இருக்கும் காற்று வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொள்ளும். இறங்கும்போது வலித்தால் டைவை விட்டுவிடலாம், ஏறாமல் இருக்க முடியாது. அதனால் பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் வரை தேதி வைப்பதே நமக்கு ஏற்றது.

ஸ்கூபாவின் முதல் நிலையான ஓப்பன் வாட்டர் சான்றிதழுக்கு இரண்டு நீச்சல் தேர்வுகள் உண்டு. நேரக் கணக்கில்லாமல் 200 மீட்டர் நீந்த வேண்டும், பிறகு எதையும் பிடிக்காமல் 10 நிமிடம் மிதக்க வேண்டும். வேகம் யாரும் பார்ப்பதில்லை. ஆனாலும் மலையில் வளர்ந்தவர்களில் நீச்சல் தெரிந்தவர்கள் குறைவு. இரண்டு மாதம் முன்பே வாரம் ஒரு நாள் கோவைக்கு இறங்கி நீச்சல் குளத்தில் பழகுவதே வழி. பைக்காரா, எமரால்டு போன்ற அணைத் தண்ணீரில் பழக இறங்காதீர்கள். குளிரில் கைகால் விறைத்துவிடும், அடியில் என்ன இருக்கிறது என்றும் தெரியாது.

நீச்சலைவிடப் பலரைத் தோற்கடிப்பது மாஸ்க்கைக் கழற்றும் பயிற்சிதான். கடலடியில் மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்தால், மேல் விளிம்பை விரலால் அழுத்தி, மூக்கு வழியாக ஊதி வெளியேற்ற வேண்டும். பழக்கமில்லாதவர் பதற்றத்தில் மூக்கால் இழுத்துவிடுவார், புரையேறும், மேலே ஓடத் தோன்றும். இதற்கு வீட்டிலேயே பழகலாம். பக்கெட்டில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்து, மாஸ்க் இல்லாமல், ஸ்நார்க்கெல் குழாயை வாயில் கவ்வி முகத்தை நனைத்து, ஐந்து நிமிடம் வாயால் மட்டும் மூச்சு விடுங்கள். பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். பத்து நாள் செய்தால் மூக்கு தானாக அடங்கும்.

மருத்துவப் படிவத்தை வீட்டிலேயே வாங்கிப் படித்துவிடுங்கள். ஆஸ்துமா, இதயக் கோளாறு, வலிப்பு, காது அறுவை சிகிச்சை, சமீபத்திய நெஞ்சுச் சிகிச்சை என்று எதற்காவது 'ஆம்' என்று எழுத வேண்டியிருந்தால் மருத்துவர் கையெழுத்து தேவைப்படும். தீவில் போய் அதற்காக அலைந்தால் ஒரு நாள் போய்விடும். பாடப் பகுதியையும் ஆன்லைனில் முன்பே முடித்துவிட்டால் தீவில் மூன்று, நான்கு நாளில் கோர்ஸ் முடியும். பார்வைக் குறை உள்ளவர்கள் பவர் போட்ட மாஸ்க் இருக்கிறதா என்று முன்பே கேட்டு வையுங்கள்.

வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான். சென்னையிலிருந்து போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்), அங்கிருந்து கப்பலில் ஹேவ்லாக் (2018 முதல் ஸ்வராஜ் தீவு). போர்ட் பிளேரில் எங்கு திரும்பினாலும் தமிழ் கேட்கும். ஹேவ்லாக்கில் குடியேறியவர்கள் பெரும்பாலும் வங்காளிகள். கடலடியில் எல்லாம் கை சாடைதான். அதை முன்பே தமிழில் விளக்கக்கூடிய இன்ஸ்ட்ரக்டர் வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே கேளுங்கள். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினால் 'நன்று' என்று அர்த்தமில்லை, 'மேலே போகிறேன்' என்று அர்த்தம். முதல் நாளில் அனைவரும் செய்யும் தவறு இது.

மலைக்காரருக்கு நுரையீரல் பலம் அதிகம், காற்று குறைவாகச் செலவாகும் என்றொரு நம்பிக்கை நம்மிடம் உண்டு. அதை நம்பி இறங்காதீர்கள். காற்றுச் செலவைத் தீர்மானிப்பது நிதானம்தான். வழக்கமான அலுமினிய சிலிண்டர் சுமார் 11 லிட்டர் கொள்ளளவு, 200 பார் அழுத்தம், அதாவது 2200 லிட்டர் காற்று. மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர் 10 மீட்டர் ஆழத்தில் 40 லிட்டர் இழுப்பார். 50 பார் மிச்சத்தோடு மேலே வர வேண்டும் என்பதால் கையில் இருப்பது சுமார் 40 நிமிடம். கைகளை வீசி நீந்துகிறவருக்கு 25 நிமிடம்கூட வராது. கைகளை மார்போடு கட்டிக்கொண்டு, தொடையிலிருந்து மெதுவாக ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) அடியுங்கள். மூச்சை மட்டும் ஒருபோதும் பிடித்து வைக்காதீர்கள். பிடித்தபடி ஏறினால் விரியும் காற்று நுரையீரலைக் கிழித்துவிடும்.

தண்ணீர் 28 டிகிரி, நமக்கு வெந்நீர் மாதிரி என்று வெட்சூட் (குளிர் தாங்க உடம்போடு ஒட்டிப் போடும் ரப்பர் உடை) வேண்டாம் என்பார்கள். தண்ணீர் காற்றைவிடப் பல மடங்கு வேகமாக உடல் சூட்டை உறிஞ்சும். இரண்டாவது டைவில் பல் கிட்டும். 3 மில்லிமீட்டர் சூட் போடுங்கள். சூட் மிதக்கும் என்பதால் மூழ்குவதற்காக இடுப்பில் கட்டும் எடையைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். பிசிடியில் (காற்றடைத்து மிதப்பைச் சரிசெய்யும் மேல்சட்டை) காற்றே இல்லாமல், சாதாரண மூச்சோடு, கண் மட்டத்தில் மிதந்தால் எடை சரி. சிலிண்டர் காலியாகக் காலியாக இலேசாகும் என்பதால் அதற்கும் சுமார் 2 கிலோ சேர்த்துக் கணக்கிட வேண்டும். எடை போதாதவர் கடைசியில் 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க முடியாமல் பலூன் போல மேலே போய்விடுவார். உடம்பு நைட்ரஜனைக் கழிக்க வேண்டிய இடமே அதுதான்.

ஹேவ்லாக்கில் நீமோ ரீஃப் கரையிலிருந்தே நடந்து இறங்கும் ஆழமற்ற இடம். கடல் சாமந்திக்குள் கோமாளி மீன் பார்க்கலாம். முதல் பயிற்சி பெரும்பாலும் இங்கேதான். மணல் கிளம்பிக் கலங்கிவிடுவதால் காலை முதல் குழுவில் இறங்குங்கள். லைட்ஹவுஸ், அக்வேரியம் இரண்டும் பயிற்சி டைவுக்கும் அடுத்த சில டைவுகளுக்கும் பொருத்தமானவை. தி வால் ஜெட்டிக்கு மிக அருகில் இருக்கும் பாறைச் சுவர். மேல் விளிம்பு சுமார் 10 மீட்டரில் தொடங்கி, ஓப்பன் வாட்டர் சான்றிதழுக்கு அனுமதியுள்ள 18 மீட்டரைத் தாண்டி வெகு ஆழம் போகும். கீழே பார்த்துக்கொண்டே போனால் ஆழம் கூடுவது தெரியாது, ஆழம் காட்டும் டைவ் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே இருங்கள். டிக்சன்ஸ் பினாக்கிள், ஜானிஸ் கார்ஜ், ஜாக்சன்ஸ் பார் ஆகியவைதான் பெரிய மீன்கூட்டங்களுக்குப் பேர் போனவை. ஆனால் ஆழமும் நீரோட்டமும் அதிகம். அட்வான்ஸ்டு பயிற்சி இல்லாமல் கூட்டிப் போகிறேன் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள்.

பெரிய கிளாத்தி மீன் கூடு காக்கும் சமயத்தில் துரத்திக் கடிக்கும். அது தன் எல்லையாக நினைப்பது கூட்டிலிருந்து மேல்நோக்கி விரியும் கூம்பு வடிவ நீர்ப்பகுதி. மேலே தப்பித்தால் அதன் எல்லைக்குள்ளேயே இருப்பீர்கள். பக்கவாட்டில் விலகுங்கள். அஞ்சாளை வாயைத் திறந்து மூடுவது மூச்சுக்காக, கையை நீட்டாதவரை ஒன்றும் செய்யாது.

ஸ்நார்க்கெலிங்கைக் கடைசி நாளுக்கு ஒதுக்குங்கள். மேற்பரப்பில் மிதந்தபடி சாதாரணக் காற்றையே சுவாசிப்பதால் நைட்ரஜன் சேராது. டைவெல்லாம் முதலில், ஸ்நார்க்கெலிங் கடைசியில் என்று வைத்தால் காத்திருக்கும் நேரம் வீணாகாது. ஹேவ்லாக்கில் எலிஃபண்ட் பீச், நீல் தீவில் பரத்பூர், போர்ட் பிளேரிலிருந்து வண்டூர் வழியாக ஜாலி பாய் ஆகியவை நல்ல இடங்கள். ஜாலி பாயும் ரெட் ஸ்கின்னும் பருவத்துக்கு ஒன்றாக மாறி மாறித் திறக்கும். ஜாலி பாய்க்குள் பிளாஸ்டிக் கொண்டுபோக முடியாது. ஹேவ்லாக்கின் கிழக்குக் கரையில் ஓதம் வற்றும்போது கடல் வெகுதூரம் உள்வாங்கி, கூரான பவளக் கற்கள் வெளியே தெரியும். நீர்மட்டம் உயர்ந்திருக்கும் நேரத்தை விசாரித்து இறங்குங்கள். முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் கணுக்கால்கூட நனைக்காதீர்கள். 2010-இல் ஹேவ்லாக்கில் ஸ்நார்க்கெலிங் செய்த ஒரு பயணியை முதலை கொன்றிருக்கிறது. அதே ஆண்டுக் கோடையில் கடல் சூடேறி அந்தமான் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. மிஞ்சியவற்றின் மேல் நிற்காதீர்கள், ஃபின்னால் உதைக்காதீர்கள். செத்த பவளத்துண்டை எடுத்து வருவதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

திரும்பும் கணக்கு இப்படி. கடைசி டைவிலிருந்து மேலே வந்த நேரத்தை எழுதி வையுங்கள். காலை பத்தரை என்றால் அன்று விமானம் இல்லை, மறுநாள் காலை பத்தரைக்குப் பிறகு ஏறலாம். சென்னை வந்து இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்தால் மேட்டுப்பாளையம் சேரும்போது 40 மணி நேரம் தாண்டியிருக்கும், மலையேறலாம். இடையில் தண்ணீர் நிறையக் குடியுங்கள், மது வேண்டாம்.

தோள், முழங்கை, முழங்கால் மூட்டுகளில் வலி, மரத்துப்போதல், தோலில் திட்டுத்திட்டான நிறமாற்றம், தலைசுற்றல், சிறுநீர் வராமை, காரணமில்லாத பெரும் களைப்பு ஆகியவை குமிழி நோயின் அறிகுறிகள். பஸ் குலுக்கலில் வந்த வலி என்று பலர் விட்டுவிடுகிறார்கள். மலைப்பாதையில் இப்படி ஏதாவது தெரிந்தால் வீடு பக்கம்தானே என்று தொடர்ந்து ஏறாமல், வண்டியைத் திருப்பிக் கீழே இறங்குங்கள். படுக்க வைத்து, கிடைக்கும் முதல் மருத்துவமனையில் முழு ஆக்சிஜன் கொடுக்கச் சொல்லுங்கள். டைவ் செய்த நாள், நேரம், ஆழம் மூன்றையும் மருத்துவரிடம் நீங்களே சொல்ல வேண்டும். மலையடிவார மருத்துவமனையில் யாரும் அதைக் கேட்க மாட்டார்கள்.