ஓஇடி ரைட்டிங்கில் நான் தேறியது இப்படித்தான்

யூகே போக ஓஇடி (மருத்துவத் துறையினருக்கான இங்கிலீஷ் தேர்வு) எழுதும் நர்ஸ்களில் பலர் லிஸனிங், ரீடிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் பி வாங்கிவிட்டு ரைட்டிங்கில் மட்டும் மாட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்கிறேன். நானும் அங்கேதான் நின்றேன். முதல் தடவை ரைட்டிங்கில் 280 வந்தது, அதாவது சி. அதிலிருந்து எப்படி மேலே வந்தேன் என்று வார்டில் கூட வேலை பார்க்கும் பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

என் பின்னணி: பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. அப்புறம் பி.எஸ்சி நர்சிங். அங்கே புத்தகமெல்லாம் இங்கிலீஷ்தான் என்றாலும் தேர்வில் எழுதியது மனப்பாடம் செய்த பதில். மதுரையில் ஆர்த்தோ (எலும்பு, மூட்டு) வார்டில் சேர்ந்த பிறகு தினமும் இங்கிலீஷில் எழுதத்தான் செய்தேன், ஆனால் அது "பேஷன்ட் கான்ஷியஸ், ஓரியன்டட், வைட்டல்ஸ் ஸ்டேபிள்" என்கிற வகை இங்கிலீஷ். யாரோ ஒருவருக்கு, முழு வாக்கியங்களில், ஒரு பக்கம் எழுதும் சந்தர்ப்பமே வந்ததில்லை.

தேர்வைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். மொத்தம் 45 நிமிடம். முதல் 5 நிமிடம் கேஸ் நோட்ஸைப் படிக்க மட்டும், மீதி 40 நிமிடம் எழுத. நோட்ஸில் உள்ள நோயாளியைப் பற்றி இன்னொரு மருத்துவருக்கோ நர்ஸுக்கோ பிசியோதெரபிஸ்ட்டுக்கோ ஒரு கடிதம். 180 முதல் 200 வார்த்தை என்பது அவர்கள் சொல்லும் அளவு. யூகேயில் நர்ஸ்களைப் பதிவு செய்யும் அமைப்பான என்எம்சி மற்ற மூன்று பகுதிகளுக்கும் பி, அதாவது 350 கேட்கிறது, ரைட்டிங்குக்கு மட்டும் சி பிளஸ், 300 போதும். கடிதத்தை ஆறு விதமாகப் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள்: நோக்கம், உள்ளடக்கம், சுருக்கமும் தெளிவும், துறைக்கு ஏற்ற நடை, அமைப்பு, மொழி. நோக்கத்துக்கு 3, மற்ற ஐந்துக்கும் தலா 7. கிராமர், ஸ்பெல்லிங், வார்த்தைத் தேர்வு எல்லாம் சேர்ந்து அந்தக் கடைசி 7இல்தான் வருகின்றன. நாம் பயப்படுவதும் உழைப்பதும் பூராவும் அந்த ஏழுக்காகத்தான் இருக்கிறது, மற்ற 31 மதிப்பெண்ணைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை.

நான் போன கோச்சிங் சென்டரிலும் அப்படித்தான். ஒரு டெம்ப்ளேட் கொடுத்தார்கள், முதல் பத்தி இப்படி, இரண்டாம் பத்தி இப்படி, கடைசியில் இந்த வரி என்று. நோட்ஸில் இருப்பதை வரிசையாக எடுத்து அந்தக் கட்டங்களில் நிரப்பினால் போதும் என்றார்கள். திருத்தித் தரும்போது சிவப்பு மையில் ஸ்பெல்லிங்கைச் சுழித்துவிட்டு கீழே "இம்ப்ரூவ் கிராமர்" என்று எழுதியிருப்பார்கள். எந்தக் கிராமர், எங்கே, ஏன் என்று ஒன்றும் இருக்காது. மாதக்கணக்கில் பணம் கட்டிப் படிக்கிற பிள்ளைக்கு அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? இதில் எனக்கு இப்போதும் கோபம் உண்டு.

மாற்றம் வந்தது என் காலேஜ் சீனியர் அக்கா ஒருவரால். அவர் இப்போது இங்கிலாந்தில் டிஸ்ட்ரிக்ட் நர்ஸ் டீமில் வேலை பார்க்கிறார், வீடு வீடாகப் போய் டிரஸ்ஸிங், ஊசி, கத்தீட்டர் எல்லாம் பார்ப்பவர். அதாவது தேர்வில் நாம் எழுதுகிற கடிதம் நிஜத்தில் யார் கைக்குப் போகுமோ அந்த ஆள். நான் எழுதியதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். வாய்ஸ் மெசேஜ் வந்தது: "ஏம்மா, பாதிக் கடிதம் தாண்டியும் அந்த வீட்டுக்கு நான் எதுக்குப் போறேன்னே தெரியலையே. காலையில கார் எடுத்தா வரிசையா வீடு இருக்கு எனக்கு. போய் என்ன செய்யணும்னு முதல்ல சொல்லு, மத்ததெல்லாம் அப்புறம்."

அந்தக் கடிதத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். பயிற்சிக்காக நானே எழுதிக்கொண்ட கேஸ் அது: மிஸஸ் கார்ட்டர், 72 வயது, இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து இன்று டிஸ்சார்ஜ். நோட்ஸில் இருந்தவை: ஓய்வுபெற்ற நூலகர், தனியாக வசிக்கிறார், மகள் வாரம் ஒருமுறை வந்து பார்க்கிறார், 1998இல் அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், பெனிசிலின் அலர்ஜி, ஆபரேஷன் முடிந்த அன்று வாந்தி, மறுநாள் சரியானது, காயத்தில் லேசான கசிவு, வாக்கிங் ஃப்ரேமோடு நடக்கிறார், ரத்தம் கட்டாமல் இருக்க தினமும் எனாக்ஸபரின் ஊசி, தானே போட்டுக்கொள்ளத் தயங்குகிறார், காயத்தை மூடிய ஸ்டேப்பிள்ஸ் 14ஆம் நாள் எடுக்க வேண்டும். என் முதல் வடிவம் அட்மிஷன் தேதியில் ஆரம்பித்து, வாந்தியை ஒரு முழு வாக்கியத்தில் விவரித்து, அப்பெண்டிக்ஸையும் தொட்டு, ஊசி விஷயத்துக்கு வந்தபோது கடைசிப் பத்தி ஆகிவிட்டிருந்தது.

அக்கா போனிலேயே என்னை உட்கார வைத்து ஒவ்வொரு குறிப்பாகக் கேட்டார். வாந்தி நின்றுபோச்சா? நின்றுபோச்சு. அப்போ எனக்கு எதுக்கு? அப்பெண்டிக்ஸ்? வேண்டாம். நூலகர்? வேண்டாம். பெனிசிலின் அலர்ஜி? இங்கே நான் கொஞ்சம் யோசித்தேன், மருந்து எழுதுவது டாக்டர்தானே என்று. அவர் சொன்னார், காயத்தில் கசிவு இருக்கிறது, சர்க்கரையும் இருக்கிறது, நாளைக்கு அது இன்ஃபெக்ஷன் ஆனால் ஆன்டிபயாடிக் கேட்டு டாக்டரைக் கூப்பிடப்போவது நான்தான், அதனால் அது கட்டாயம் வேண்டும். தனியாக வசிப்பதும் வேண்டும், ஏனென்றால் ஊசி போட வீட்டில் வேறு ஆள் இல்லை. இதே நோட்ஸை வைத்துப் பிசியோதெரபிஸ்ட்டுக்கு எழுதினால் வாக்கிங் ஃப்ரேம் முதல் பத்திக்கு வந்துவிடும், ஸ்டேப்பிள்ஸ் ஒரு வாக்கியத்தில் முடிந்துவிடும்.

கடைசியில் கடிதத்தின் முதல் வாக்கியம் இப்படி ஆனது: "ஐ ஆம் ரைட்டிங் டு ரெக்வெஸ்ட் வூண்ட் கேர் அண்ட் டெய்லி எனாக்ஸபரின் இன்ஜெக்‌ஷன்ஸ் ஃபார் மிஸஸ் கார்ட்டர், ஹூ இஸ் பீயிங் டிஸ்சார்ஜ்ட் டுடே ஃபாலோயிங் எ ஹிப் ரீப்ளேஸ்மென்ட்." இதில் கஷ்டமான வார்த்தை ஒன்றுகூட இல்லை. நர்சிங் முதல் வருடப் பிள்ளையாலும் எழுத முடியும். ஆனால் இதைப் படித்த உடனே என்ன பை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும் என்று அக்காவுக்குத் தெரிந்துவிடும்.

அப்புறம்தான் எனக்கு ஒரு தெம்பு வந்தது. இந்தத் தேர்ந்தெடுக்கும் வேலையை நாம் தினமும் ஷிஃப்ட் மாறும்போது செய்துகொண்டுதானே இருக்கிறோம்! நைட் டியூட்டி சிஸ்டரிடம் ஹேண்டோவர் கொடுக்கும்போது யாராவது 1998 ஆபரேஷனைச் சொல்வோமா? நாலாம் பெட் டிரெயின் பாருங்க, ஆறாம் பெட்டுக்கு சுகர் செக் பண்ணணும், இவ்வளவுதான். எஸ்பார் என்று படித்த அந்த வரிசை, இப்போதைய நிலை, பின்னணி, நம் கணிப்பு, செய்ய வேண்டியது, அதுவே கடிதத்துக்கும் நல்ல எலும்புக்கூடு. ஆக, எழுதத் தெரியாதவள் என்ற எண்ணத்தை விட்டுவிட்டு, ஹேண்டோவர் கொடுக்கத் தெரிந்தவள் அதை முழு வாக்கியத்தில் எழுதப் பழகுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். பயம் பாதியாகக் குறைந்தது.

சரி, மொழிக்கு வருவோம். அதை விட்டுவிடவும் முடியாது. எனக்கு எங்கே தவறுகிறது என்று பார்க்க ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். ஒவ்வொரு கடிதமும் திருத்தி வந்த பிறகு தவறுகளை வகை பிரித்துப் பக்கம் பக்கமாக எழுதினேன். கொஞ்ச நாளிலேயே தெரிந்தது, நான் செய்வது நூறு விதமான தவறுகள் இல்லை, திரும்பத் திரும்ப அதே நாலைந்துதான். முதலிடம் எ, ஆன், தி. கேஸ் நோட்ஸில் அவை இருக்காது, நம் நர்ஸஸ் நோட்ஸிலும் போடுவதில்லை, அதனால் கண்ணும் கையும் அவற்றைத் தவறவிடுகின்றன. எனக்கு உதவியவை சின்னச் சின்ன விதிகள்தான்: முதல் முறை வரும்போது எ, திரும்ப வரும்போது தி. டயபடீஸ், ஹைப்பர்டென்ஷன் மாதிரி நோய்ப் பெயர்களுக்கு முன்னால் ஒன்றும் வேண்டாம், ஆனால் "எ ஹிஸ்டரி ஆஃப் டயபடீஸ்" என்றால் எ வேண்டும். அட்வைஸ், இன்ஃபர்மேஷன், எக்விப்மென்ட் மூன்றுக்கும் முன்னால் எ கிடையாது, பின்னால் எஸ்ஸும் கிடையாது.

இரண்டாவது காலம். தேதி போட்டுவிட்டால் சிம்பிள் பாஸ்ட், "சின்ஸ்" வந்தால் "ஹாஸ் பீன்" என்பதை ஒட்டிய வடிவம். மூன்றாவது, நம் ஊர் முழுக்கச் சொல்லும் "ஷி இஸ் ஹேவிங் டயபடீஸ்". அங்கே "ஷி ஹாஸ்" என்றால் போதும். நான்காவது, கமா போட்டுக்கொண்டே போவது. தமிழில் எச்சங்களை அடுக்கிக்கொண்டே போய்க் கடைசியில் ஒரு வினைமுற்று வைத்தால் எவ்வளவு நீளமான வாக்கியமும் நிற்கும், அந்தப் பழக்கத்தோடு இங்கிலீஷுக்குப் போனால் இரண்டு முழு வாக்கியங்களைக் கமாவால் ஒட்டிவிடுவோம். ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி, அதிகம் போனால் இரண்டு, அப்புறம் முற்றுப்புள்ளி என்று வைத்துக்கொண்டேன். "கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்" என்பதையும் விட்டேன், என்ன செய்ய வேண்டும் என்பதையே எழுதிவிடுவது மேல். ஸ்பெல்லிங்கில் அனீமியா, டயரியா, ஹீமோகுளோபின் போன்றவற்றை பிரிட்டிஷ் முறைப்படி பழகிக்கொண்டேன், மருந்தின் ஜெனரிக் பெயரைச் சிறிய எழுத்திலும் பிராண்ட் பெயரைப் பெரிய எழுத்திலும் ஆரம்பிக்கப் பழகினேன்.

இதில் எல்லோருக்கும் நான் அழுத்திச் சொல்வது ஒன்று உண்டு: புதுப்புதுக் கேஸாக எழுதித் தள்ளாதீர்கள், எழுதியதையே திரும்ப எழுதுங்கள். அக்கா திருத்தி அனுப்பிய கடிதத்தை மூடி வைத்துவிட்டு, ரெண்டு மூன்று நாள் கழித்து வெறும் நோட்ஸை மட்டும் பார்த்து மறுபடியும் எழுதுவேன். அப்புறம் பழைய திருத்தத்தோடு வரிக்கு வரி ஒப்பிடுவேன். போன தடவை விழுந்த அதே இடத்தில் இப்போதும் விழுந்திருக்கிறேனா என்று பார்க்கும்போதுதான் திருத்தம் உள்ளே இறங்குகிறது. புதுக் கேஸ் எழுதினால் நிறைய எழுதிய மாதிரி ஒரு திருப்தி கிடைக்கும், ஆனால் பழைய தவறு புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்கும். மாதிரித் தேர்வுகள் ஓஇடியின் சொந்தத் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன, மாதிரிகளுக்காகக் காசு கொடுத்து பிடிஎஃப் வாங்க வேண்டாம்.

ஏஐ செயலிகளைப் பற்றிக் கேட்கிறார்கள். நானும் பயன்படுத்தினேன். கடிதத்தைப் போட்டு "திருத்திக் கொடு" என்றால் பளபளவென்று ஒன்று வரும், அதைப் படித்து ரசிக்கலாம், கைக்கு ஒன்றும் வராது. அதனால் "தவறு உள்ள வாக்கியங்களை மட்டும் காட்டு, சரி செய்யாதே" என்று கேட்டு, நானே சரி செய்த பிறகு விடையைப் பார்ப்பேன். இப்படிக் கேட்டால் நல்ல துணை. ஆனால் எது வேண்டும், எது வேண்டாம் என்ற விஷயத்தில் அக்காவின் ஒரு வாய்ஸ் மெசேஜுக்கு அது ஈடாகவில்லை. இன்னொன்று, நம் வார்டு நோயாளியின் நிஜ விவரங்களை எந்தச் செயலியிலும் போடாதீர்கள், பயிற்சிக்குக் கற்பனைக் கேஸ்தான்.

தேர்வு நாளில் அந்த முதல் 5 நிமிடத்தில் நான் முதலில் படித்தது நோட்ஸின் கடைசியில் இருக்கும் பணியைத்தான், யாருக்கு, எதற்காக என்பதை. அது தெரிந்த பிறகுதான் மேலே போய் நோட்ஸைப் படித்தேன். எழுதி முடித்துக் கடைசி ஐந்தாறு நிமிடத்தை ஒதுக்கி, என் நோட்டுப் புத்தகத்தில் இருந்த அந்த நாலைந்து வகைகளை மட்டும் தேடினேன், முழுக் கடிதத்தையும் பொதுவாகப் படித்துப் பார்க்கவில்லை. பொதுவாகப் படித்தால் நாம் எழுதியது நமக்குச் சரியாகத்தான் தெரியும்.

ரைட்டிங்கில் 350 வந்தது. லிஸனிங் இந்தத் தடவை 340க்கு இறங்கிவிட்டது, பார்த்ததும் பகீரென்றது. ஆனால் 12 மாதத்துக்குள் எழுதிய இரண்டு தேர்வுகளின் மதிப்பெண்களைச் சேர்த்துக் காட்ட என்எம்சி அனுமதிக்கிறது. இரண்டு தடவையும் நான்கு பகுதிகளையும் எழுதியிருக்க வேண்டும், ரைட்டிங் சிக்குக் கீழேயும் மற்றவை சி பிளஸுக்குக் கீழேயும் போயிருக்கக் கூடாது. எனக்கு இரண்டும் பொருந்தியதால் பழைய லிஸனிங் கைகொடுத்தது. ஒரு பகுதி மட்டும் குறைந்து மனம் உடைந்து இருப்பவர்கள் இந்த விதியை என்எம்சி தளத்தில் படித்துவிட்டு அடுத்த முடிவை எடுங்கள்.

இப்போது ஓஸ்கிக்கு, அதாவது யூகேயில் நர்ஸாகப் பதிவு செய்வதற்கான செய்முறைத் தேர்வுக்கு, தயாராகிக்கொண்டிருக்கிறேன். அதில் பிளானிங் ஸ்டேஷனில் நோயாளிக்கான கேர் பிளானை எழுத வேண்டும், அதையும் அக்காவுக்குத்தான் அனுப்புகிறேன். நேற்று அனுப்பியதற்கு இன்னும் பதில் வரவில்லை, அவருக்கு இந்த வாரம் லேட் ஷிஃப்ட்.