ஒரே ஒரு சொல்லுக்காக ஒரு வாரம்

வாடகை முன்பணம் பற்றிய மசோதா என்னவாயிற்று என்று பலர் கேட்கிறீர்கள். மசோதாவை ஆராயும் சட்டமன்றக் குழுவைத் தாண்டிவிட்டது, இன்னும் சட்டமாகவில்லை. இனி அவையில் விவாதம், வாக்கெடுப்பு, அதன்பின் ஆளுநரின் ஒப்புதல்.

குழுவில் ஒரு வாரம் எதற்காக மல்லுக்கட்டினோம் தெரியுமா? வீட்டைக் காலி செய்தவருக்கு உரிமையாளர் முன்பணத்தை 30 நாட்களுக்குள் 'திருப்பித் தரலாம்' என்று முதல் வரைவில் இருந்தது. 'தரலாம்' என்றால் தராமலும் இருக்கலாம். நீதிமன்றம் போனாலும் அந்தச் சொல் நமக்குக் கைகொடுக்கும் என்று நம்ப முடியாது. 'தர வேண்டும்' என்று மாற்றிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பதிலுக்கு, பழுதுபார்த்த செலவை ரசீது காட்டிக் கழித்துக்கொள்ளும் உரிமையை உரிமையாளர்களுக்கு விட்டுக்கொடுத்தேன். அது நியாயமானதும்கூட.

இந்தத் திருத்தம் என் மூளையில் உதித்ததன்று. சென்ற மாத மக்கள் சந்திப்பில் ஒரு பாட்டி கசங்கிய ஒப்பந்தத்தை நீட்டி, "இதில் எந்த வரி என்னைக் காப்பாற்றும், சொல்லுங்கள்" என்றார். என்னிடம் பதில் இல்லை.

அன்று வந்தவர்களில் பாதிப் பேர் தெருவிளக்குக்காக வந்திருந்தார்கள். அது உள்ளாட்சியின் வேலை, சட்டமன்றத்தின் வேலையன்று. ஆனாலும் கடிதம் எழுதியிருக்கிறேன். இரண்டு விளக்குகள் எரிகின்றன, மற்றவற்றுக்கு நினைவூட்டல் போயிருக்கிறது.

அடுத்த சந்திப்பு வாக்கெடுப்புக்கு முன்பே நடக்கும். மசோதாவை எதிர்க்கும் வீட்டு உரிமையாளர்களும் வாருங்கள். ஒப்பந்தத்தின் நகலை மறக்காமல் கொண்டுவாருங்கள்.