161 படிகள்

ஆகஸ்ட் 22

இத்தாகா வந்து நான்கு நாள் ஆகிறது. நியூயார்க் என்றதும் சங்கரன்கோவிலில் எல்லோரும் வானளாவிய கட்டடங்களை நினைத்துக்கொண்டார்கள். இது மாநிலத்தின் பெயர்தான். அந்தப் பெரிய நகரத்திலிருந்து பஸ்ஸில் நாலைந்து மணி நேரம் வடமேற்கே வர வேண்டும். ஊர் ஜனம் 30,000 சொச்சம். மேலே குன்றில் இருக்கும் கார்னெல் பல்கலைக்கழகத்தில் படிப்பவர்கள் மட்டும் 26,000 பேர் அளவில். லீவு விட்டால் ஊரே துடைத்துவிட்ட மாதிரி ஆகிவிடும் என்றார் வீட்டுக்காரம்மா.

இவருக்குப் பயிர் இனப்பெருக்கத் துறையில் பிஎச்.டி. கட்டணம் கிடையாது, மாதச் செலவுக்கு உதவித்தொகையும் உண்டு. எனக்கு எஃப்-2 விசா, அதாவது மாணவரின் மனைவி. வேலை பார்க்கக் கூடாது. ஏழு வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுத்தவள், இப்போது ஜன்னலோரம் உட்கார்ந்து குன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மா போனில், "ஏட்டி, காலேஜ் மலை மேலயா இருக்கு?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்ப தினம் கிரிவலம்தான்" என்று சிரித்தாள்.

ஆகஸ்ட் 31

நடந்தே ஏறினேன். ஊருக்குள்ளிருந்து கேஸ்கடில்லா ஓடை வழியாகப் பாறையை வெட்டிப் போட்ட பாதை ஒன்று மேலே போகிறது. 400 அடி ஏற்றம். இரண்டு பக்கமும் அடுக்கடுக்கான கல், இடையே அருவிகள். குற்றாலம் பார்த்த கண்ணுக்கு இவை சின்ன அருவிகள்தான், ஆனால் ஒரு கல்லூரிக்குப் போகும் வழியில் இருக்கின்றனவே என்பதுதான் ஆச்சரியம். மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன்.

மேலே புல்வெளியின் இரு ஓரத்திலும் இரண்டு சிலைகள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கின்றன. ஒருவர் எஸ்ரா கார்னெல். தச்சு வேலை, மெக்கானிக் வேலை என்று தொடங்கி, தந்திக் கம்பி போடும் தொழிலில் பணக்காரர் ஆனவர். மற்றவர் ஆண்ட்ரூ டிக்சன் வைட், படிப்பாளி, முதல் தலைவர். இருவரும் மாநில செனட்டில் சந்தித்துக்கொண்டவர்கள். கார்னெல் தன் பண்ணை நிலத்தையும் 5,00,000 டாலரையும் கொடுத்தார். 1865இல் சாசனம் கிடைத்தது, 1868 அக்டோபரில் 412 மாணவர்களோடு வகுப்புகள் தொடங்கின. இரண்டு சிலைகளுக்கும் நடுவே தரையில் காலடித் தடங்களை வரைந்திருக்கிறார்கள். நள்ளிரவில் இருவரும் எப்போது இறங்கி வந்து கைகுலுக்குவார்கள் என்று மாணவர்கள் ஒரு கதை வைத்திருக்கிறார்கள். அதை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது.

முத்திரையில் எஸ்ரா கார்னெலின் வாக்கியம் இருக்கிறது. எவரும் எந்தப் படிப்பையும் கற்க ஓர் இடத்தை அமைப்பேன் என்பது அதன் பொருள். 'எவரும்' என்ற சொல்லை இரண்டு முறை படித்தேன்.

செப்டம்பர் 14

அப்பா தறியிலிருந்து எழுந்து வந்து கேட்ட ஒரே கேள்வி: "தனியாரா, கவர்மெண்டா?"

தனியார்தான். ஆனால் பதில் அத்தனை சுருக்கமாக முடியவில்லை. வேளாண்மை, கால்நடை மருத்துவம், தொழிலாளர் உறவு, மனிதச் சூழலியல் என்று நான்கு கல்லூரிகளுக்கு நியூயார்க் மாநில அரசும் பணம் தருகிறது. அந்தப் பிரிவுகளில் மாநிலத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணம் குறைவு. ஒரே வளாகம், ஒரே பட்டம். சுவருக்கு அந்தப் பக்கம் பொறியியல் படிப்பவன் முழுத் தனியார் கட்டணம் கட்டுகிறான்.

இதற்கு அடி 1862இன் மோரில் சட்டத்தில் இருக்கிறது. வேளாண்மையும் தொழில்நுட்பமும் சொல்லித்தரும் கல்லூரிகளுக்காக மாநிலங்களுக்கு மத்திய அரசு நிலப் பத்திரங்கள் கொடுத்தது. நியூயார்க்குக்குக் கிடைத்தது ஏறத்தாழ 9,90,000 ஏக்கர். மற்றவர்கள் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட, எஸ்ரா கார்னெல் பத்திரங்களை வாங்கி விஸ்கான்சினில் பைன் காடுகளாகப் பார்த்துப் பிடித்துப்போட்டு விலை ஏறும்வரை காத்திருந்தார். பல்கலைக்கழகத்தின் முதல் பெரிய சொத்து அதுதான். அந்தக் காடுகள் யாரிடமிருந்து வந்தன? பூர்வகுடிகளிடமிருந்து. இந்த வளாகம் நிற்பதே கயூகா மக்களின் மண். கீழே இருக்கும் ஏரிக்கும் அவர்கள் பெயர்தான்.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப எய்டட் ஸ்கூல் மாதிரின்னு சொல்லு" என்றார். நான் அரை மணி நேரம் பேசியதை அவர் மூன்று சொல்லில் முடித்துவிட்டார்.

சாயங்காலம் ஸ்டாக்கிங் ஹாலில் ஐஸ்கிரீம். வேளாண் கல்லூரியின் சொந்தப் பால்பண்ணைக் கூடத்தில் செய்வது. ஒரு கரண்டி கேட்டால் மூன்று கரண்டி அளவுக்கு வைக்கிறார்கள்.

அக்டோபர் 9

மணிக்கூண்டுச் சத்தம் கீழே எங்கள் வீடுவரை கேட்கிறது. காற்று திரும்பினால் தெளிவாகவே கேட்கும். வகுப்பு நாட்களில் காலை, மதியம், மாலை என்று மூன்று கச்சேரி. இயந்திரம் என்று நினைத்திருந்தேன். இல்லையாம், மாணவர்களே மேலே ஏறி வாசிக்கிறார்களாம்.

பல்கலைக்கழகம் திறந்த 1868லேயே ஒலித்த முதல் ஒன்பது மணிகளைக் கொடுத்தவர் ஜென்னி மெக்ரா என்ற பெண். இப்போது 21 மணிகள். காலைக் கச்சேரியைத் தொடங்கும் மெட்டுக்கு இன்றும் அவர் பெயர். 1881இல் காசநோயில் இறந்துபோனார். பெருஞ்சொத்தைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்தார். கணவரோ இங்கே நூலகராக இருந்தவர். அவரே அந்த உயிலை எதிர்த்து வழக்குப் போட்டார்! அது உச்ச நீதிமன்றம்வரை போய் 1890இல் பல்கலைக்கழகம் தோற்றது. சாசனத்தில் இவ்வளவு சொத்துதான் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு வரம்பு இருந்ததாம்.

அதே கோபுரத்தின் 173 அடி உச்சியில் 1997 அக்டோபரில் ஒரு நாள் காலை பூசணிக்காய் ஒன்று செருகியிருந்தது. யார் வைத்தார்கள், எப்படி ஏறினார்கள் என்று தெரியவில்லை. மார்ச் வரை அங்கேயே காய்ந்துகொண்டு இருந்தது. திருஷ்டி கழிக்க வைத்திருப்பார்கள் என்பது அம்மாவின் முடிவு.

நவம்பர் 17

கதகதப்புக்காக யூரிஸ் நூலகத்துக்குப் போனேன். உள்ளே இரும்புக் கம்பி வேலைப்பாட்டில் மூன்று அடுக்கு மாடம், நடுவில் சோபாக்கள். அது வைட் தன் சொந்தப் புத்தகங்களைக் கொடுத்து உருவான அறை. மாணவர்கள் பாதிப்பேர் படிக்கிறார்கள், பாதிப்பேர் வாய் திறந்து தூங்குகிறார்கள்.

அங்கேதான் ஜென்னி ஸ்பென்சரைப் பற்றிப் படித்தேன். ஜென்னி மெக்ரா வேறு, இவர் வேறு. 1870இல் கார்னெலில் சேர்ந்த முதல் பெண். குன்றின் மேல் பெண்களுக்குத் தங்க இடம் கிடையாது. ஊருக்குள் அறை எடுத்து, நீளப் பாவாடையோடு இந்தப் பனியில் தினமும் ஏறி இறங்கியிருக்கிறார். முடியாமல் விட்டுவிட்டார். 'எவரும்' என்று எழுதியாயிற்று, தங்க அறை கட்டவில்லை. பிறகு ஹென்றி சேஜ் என்ற மர வியாபாரி பணம் கொடுத்து, 1875இல்தான் பெண்களுக்கான சேஜ் கல்லூரிக் கட்டடம் திறந்தது.

இறங்கி வரும்போது பாதையில் பனி உறைந்திருந்தது. ஓடைவழியை அடைத்துவிட்டார்கள், வசந்தம் வரை திறக்க மாட்டார்களாம். ரோட்டோரமாகக் கையை வீசாமல் பென்குயின் போல நடந்தேன். எனக்கு டி-கேட் பஸ் இருக்கிறது. ஜென்னி ஸ்பென்சருக்கு என்ன இருந்தது?

டிசம்பர் 13

தேர்வு வாரம். இவர் வீட்டுக்கு வருவது தூங்க மட்டும்.

ஃபால் கிரீக் பள்ளத்தாக்கின் மேல் தொங்கு பாலத்தில் நின்றேன். கீழே வெகு ஆழத்தில் தண்ணீர். பாலங்களுக்கு அடியில் இரும்பு வலை கட்டியிருக்கிறார்கள். 2010இல் அடுத்தடுத்து மாணவர்கள் விழுந்து உயிரை விட்ட பிறகு வந்த வலைகள். யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை, எல்லோருக்கும் தெரியும். எதிரே வந்த ஒரு பையன் நான் அசையாமல் நிற்பதைப் பார்த்து, நலம்தானே என்று கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தான். நலம் என்றேன். இரவு சாப்பிடும்போது இவரிடம், "மார்க்கு எப்படி வந்தாலும் பரவாயில்லங்க" என்றேன். எதற்குச் சொல்கிறேன் என்று அவருக்குப் புரியவில்லை.

ஜனவரி 25

மைனஸ் 14. இந்தக் குளிரில் ஐஸ் ஹாக்கி பார்க்கப் போனோம். லைனா அரங்கம், எதிரணி ஹார்வர்டு.

எதிரணி வீரர்களின் பெயரை வாசிக்கும்போது நம் மாணவர்கள் செய்தித்தாளை விரித்து முகத்தை மூடிக்கொள்கிறார்கள். உங்களைப் பார்ப்பதற்குப் பேப்பர் படிக்கலாம் என்று அர்த்தம். அப்புறம் ஹார்வர்டு ஆட்கள் பனித்தளத்துக்கு வந்தபோது எங்கிருந்தோ மீன் பறந்தது. நிஜ மீன்! முன்னொரு காலத்தில் ஹார்வர்டுக்காரர்கள் 'மாட்டுக் கொட்டகைக் காலேஜ்' என்று கேலி செய்து கோழியை எறிந்தார்களாம். கடலோரத்துக்காரர்களுக்குப் பதில் மரியாதையாக மீன். பக்கத்தில் இருந்தவர் தன் கோட்டுக்குள்ளிருந்து ஒன்றை எடுத்தபோது நான் நகர்ந்து உட்கார்ந்தேன். என்ன மீன் என்று பார்க்க முடியவில்லை, குழம்புக்கு ஆகும் அளவில்தான் இருந்தது.

பிப்ரவரி 12

இன்று எழுத நிறைய இருக்கிறது.

மார்த்தா வான் ரென்சலேர் பெயரில் ஒரு பெரிய கட்டடம். தினமும் கடந்து போகிறேன், யார் என்று கேட்டதில்லை. வேளாண் கல்லூரியில் லிபர்ட்டி ஹைட் பெய்லி என்று ஒரு தாவரவியலாளர் இருந்தார். விவசாயிகளுக்குத் தபாலில் பாடம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். விவசாயி வீட்டுப் பெண்களுக்கு என்ன அனுப்புவது என்று யோசித்து, 1900இல் இந்த அம்மாவை வரவழைத்தார். பள்ளிகளை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தவர், அதாவது நம்ம டிபார்ட்மெண்ட் ஆள்.

1901இல் வந்த முதல் இதழின் தலைப்பு என்ன தெரியுமா? காலடிகளை மிச்சப்படுத்துவது. கிணறு ஒரு மூலை, அடுப்பு ஒரு மூலை, பாத்திரம் ஒரு மூலை என்று இருந்தால் ஒரு பெண் ஒரு நாளில் எத்தனை மைல் வீட்டுக்குள்ளேயே நடக்கிறாள்? ஆணியை எங்கே அடித்தால், மேசையை எங்கே போட்டால் நடை குறையும்? படிக்கப் படிக்க எங்கள் வீட்டு அடுப்படிதான் கண்ணில் வந்தது. அம்மா தண்ணீர்க் குடத்தோடு தறிக்கூடத்தைச் சுற்றிப் பின்கட்டுக்குப் போகும் அந்தப் பாதை. குழாயை இந்தப் பக்கம் வைத்தால் என்ன என்று எந்தப் பல்கலைக்கழகமும் அவளுக்கு எழுதவில்லை.

பெண்கள் பதில் எழுதினார்கள். சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானவர்கள் இந்தத் தபால் படிப்பில் இருந்தார்கள். அதிலிருந்து துறை, துறையிலிருந்து கல்லூரி, இன்றைய மனிதச் சூழலியல் கல்லூரி அதுதான். 1911இல் மார்த்தாவும் அவருடைய சக ஊழியர் ஃப்ளோரா ரோஸும் கார்னெலின் முதல் பெண் முழுநிலைப் பேராசிரியர்கள் ஆனார்கள்.

வேடிக்கையும் உண்டு, அல்லது வேடிக்கை என்று சொல்ல முடியாத ஒன்று. குழந்தை வளர்ப்பைச் செய்முறையாகக் கற்பிக்க, அனாதை இல்லங்களிலிருந்து கைக்குழந்தைகளைக் கடன் வாங்கினார்கள்! மாணவிகள் முறை போட்டு வளர்ப்பார்கள். மனையியல் என்பதன் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி 'டோமெகான்' என்று அந்தக் குழந்தைகளுக்குக் குடும்பப் பெயர் வேறு. 1919இலிருந்து பல பத்தாண்டுகள் நடந்தது. எங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஊசல் குண்டுக்கு ரெஜிஸ்டர் போட்டு வாங்கின மாதிரி. ஆறு பேர் கை மாறி வளர்ந்த பிள்ளைக்கு எந்த முகம் அம்மா?

இரவு முழுக்க அதுவே ஓடிக்கொண்டிருந்தது. இவரிடம் சொன்னேன். "நீயும் ஒரு தீசிஸ் எழுதுறியா?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எஃப்-2வில் பகுதி நேரமாகப் படிக்கலாம், 2015இலிருந்து விதி அப்படி. கட்டணத்தைப் பார்த்து மடிக்கணினியை மூடினேன். மறுபடி திறந்தேன்.

மார்ச் 28

டிராகன் நாள். முதலாண்டு கட்டடக்கலை மாணவர்கள் வாரக்கணக்கில் தூங்காமல் ஒரு பெரிய டிராகனைக் கட்டி வளாகம் முழுக்கத் தேர் இழுப்பது போல இழுத்து வருகிறார்கள். பொறியியல் பக்கம் வரும்போது அந்தத் துறை மாணவர்கள் ஒரு பீனிக்ஸ் பறவையோடு நின்று கத்துகிறார்கள். எங்கள் ஊர்த் தேரடியில் முட்டுக்கட்டை போடுகிறவரின் முகம்தான் டிராகனின் சக்கரத்தோடு ஓடிய பையனுக்கும்.

வில்லார்ட் ஸ்ட்ரெய்ட் என்ற மாணவர் 1901இல் தொடங்கிய வழக்கம் என்கிறார்கள். அவர் பெயரில் உள்ள மாணவர் மன்றக் கட்டடத்தைத்தான் 1969 ஏப்ரலில் கறுப்பின மாணவர்கள் கைப்பற்றினார்கள். பெற்றோர் வருகை தரும் வார இறுதி அது. தாக்குதல் பயத்தில் உள்ளே துப்பாக்கி போயிற்று, துப்பாக்கியோடே வெளியே நடந்துவந்தார்கள், அந்தப் படத்துக்குப் புலிட்சர் பரிசு. ஆப்பிரிக்கவியல் மையம் அதன் பிறகு வந்தது. இப்போது அதே வாசலில் இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்து பீட்சா தின்றுகொண்டிருந்தார்கள்.

ஏப்ரல் 24

ஓடைவழியைத் திறந்துவிட்டார்கள். ஏறினேன், ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை.

மாலைக் கச்சேரிக்கு யார் வேண்டுமானாலும் கோபுரத்தில் ஏறலாம் என்று இத்தனை மாதமாகத் தெரியாமலே இருந்திருக்கிறேன். 161 படிகள். எண்ணிக்கொண்டே போனேன். நூற்றுக்கு மேல் எண்ணிக்கை மூச்சோடு கலந்துவிட்டது.

மேலே ஒல்லியான ஒரு பெண். பத்தொன்பது வயது இருக்கும், காலில் சாக்ஸ் மட்டும். முன்னால் வரிசையாக மரக் கைப்பிடிகள், கீழே மிதிகள். கைப்பிடியை அழுத்தி, அதே நேரத்தில் ஒரு காலால் மிதியை அமுக்கி, ஒரு பக்கமாகத் தாவி இன்னொன்றை எட்டிப் பிடித்து வாசிக்கிறாள். தரையெல்லாம் அதிர்கிறது. இதை நான் பார்த்திருக்கிறேன். குழித்தறியில் அப்பா. கை நாடாவை வீச, கால் மிதியை மாற்ற, உடம்பு முழுக்க ஒரே தாளத்தில். வீடியோ எடுத்து அனுப்பினேன். "பாவு எங்க?" என்று பதில் வந்தது.

ஜன்னலுக்கு வெளியே ஏரி முழுதும் தெரிந்தது. குன்றுக்குக் கீழே எங்கள் தெருவையும் தேடிக் கண்டுபிடித்தேன்.

இறங்கும்போதும் எண்ணினேன். 160தான் வந்தது. எங்கோ ஒரு படியை விட்டிருக்கிறேன். நாளை மதியக் கச்சேரிக்குப் போய்த் திரும்ப எண்ண வேண்டும்.