உப்புக் குப்பியும் ஒரு தோற்ற டீமும்

அமெரிக்காவில் சௌத் பெண்ட் என்ற ஊருக்குக் குடிவந்த முதல் பனிக்காலம். பக்கத்து வீட்டுத் தாத்தா தனியாக வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தார். எண்பதை நெருங்கும் வயது. மனசு கேட்காமல் ஷவலை வாங்கி நானே அள்ளிப் போட்டேன். உள்ளே கூப்பிட்டு, காபி என்று சொல்லி ஒரு கறுப்பு வெந்நீர் கொடுத்தார். குடித்துவிட்டுப் பேசாமல் வந்திருக்கலாம். சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த பாதி டிக்கெட்டைக் காட்டி, இது என்ன என்று கேட்டுத் தொலைத்தேன்.

1956 அக்டோபர் 27. உள்ளூர் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்துக்கும் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்துக்கும் ஃபுட்பால் ஆட்டம். அப்பா கையைப் பிடித்துக்கொண்டு போனாராம்.

"யார் ஜெயிச்சாங்க?"

"ஓக்லஹோமாதான். 40-0."

நாற்பது கோலா! எங்கள் ஊர் கோல்கீப்பராக இருந்தால் அன்று ராத்திரியே பஸ் ஏறியிருப்பான். அப்படிச் சொன்னதுதான் வினை. தாத்தா எழுந்துபோய் உப்புக் குப்பி, கெச்சப் பாட்டில், மிளகுத்தூள் டப்பா எல்லாவற்றையும் மேஜையில் பரப்பினார். இந்த ஊர் ஃபுட்பாலில் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டுதான் ஓடவேண்டும். கோட்டைத் தாண்டினால் அது டச்டவுன், ஆறு பாயிண்ட், அப்புறம் ஒழுங்காக உதைத்தால் இன்னொன்று. உப்புக் குப்பி பால் ஹார்னங். நோட்டர் டேமின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர், பொன்னிற முடிக்காரர். 'தங்கப் பையன்' என்றே பட்டப்பெயர். கெச்சப் பாட்டில் வந்து மோத, உப்புக் குப்பி சாய, மேஜையெல்லாம் உப்பு.

அந்த வருஷம் நோட்டர் டேமுக்குப் பத்து ஆட்டத்தில் எட்டு தோல்வி. மிச்சிகன் ஸ்டேட்டிடம் 47-14, அயோவாவிடம் 48-8. ஹார்னங் எறிந்ததில் டச்டவுன் ஆனது மூன்று, எதிராளி கையில் போய் உட்கார்ந்தது பதின்மூன்று. இத்தனைக்கும் பிறகு, நாட்டிலேயே சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பை அவருக்குத்தான்! வரிசையாக ஜெயித்த ஓக்லஹோமாவின் டாமி மெக்டொனால்டுக்கு முதலிட ஓட்டு அதிகம் விழுந்தும், மொத்தக் கணக்கில் மூன்றாவது இடம்தான் கிடைத்தது. ஜெயித்ததைவிட அதிகம் தோற்ற டீமிலிருந்து அந்தக் கோப்பையை வாங்கியவர் இன்றுவரை ஹார்னங் ஒருவர்தான்.

"ஓடினது அவன், எறிஞ்சது அவன், உதைச்சது அவன், எதிராளியைப் பிடிச்சுத் தள்ளினதும் அவன். மத்தவங்க என்ன பண்ணினாங்க?" தாத்தாவுக்கு அறுபத்துச் சொச்ச வருஷத்துக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அன்று ராத்திரி அம்மாவிடம் போனில் சொன்னேன். "பத்துல எட்டு தோத்தவனுக்குக் கப்பா? நீ கணக்குல பெயிலானப்ப உனக்கு ஒரு டம்ளர்கூட யாரும் குடுக்கலையேடா!" என்றாள்.

அடுத்த பனிக்கு, தாத்தாவைக் குஷிப்படுத்தலாமென்று கொஞ்சம் படித்துவிட்டுப் போனேன். மறு வருஷமே இதே நோட்டர் டேம் ஓக்லஹோமாவை அவர்கள் மைதானத்திலேயே 7-0 என்று வீழ்த்தி, 47 ஆட்டமாகத் தொடர்ந்த வெற்றியை முடித்துவைத்திருக்கிறதே என்றேன்.

"அது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை" என்று கையை உதறினார். கெச்சப் பாட்டில் ஏற்கெனவே மேஜைக்கு வந்திருந்தது. "இன்னைக்கு மிச்சிகன் ஸ்டேட் பார்ப்போம்."

நேற்று மறுபடி பனி கொட்டியது. அந்த வருஷத்துப் பர்டியூ ஆட்டமும் முடிந்தது. இன்னும் ஏழு ஆட்டம் பாக்கி.